நாயை அடித்தவனுக்கும் ஊசி

என் தம்பி ஒரு நாயை அடித்துக் கொன்ற கதையைத் தேவாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். டீக்கடையில் ஒரு மாதிரி, ஜீப் ஸ்டாண்டில் ஒரு மாதிரி. நாய் கன்றுக்குட்டி உயரம் இருந்தது என்று கூசாமல் சொல்கிறவர்களும் உண்டு. நான் அதன் பிணத்தைப் பார்த்தவள். சாதாரணத் தெருநாய்தான். செவலை நிறம், விலா எலும்பு எண்ணிவிடலாம். தலை மட்டும் தலையாக இல்லை.

தம்பிக்கு ஜீப் ஓட்டுகிற தொழில். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு மலை மெட்டு ஏறிக் கேரளத்துத் தோட்டங்களில் கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவான். ஜீப் நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். பக்கத்து வேப்பமரத்தில் அவனுடைய பசு கட்டியிருக்கும். போன வருஷம் ஒரு காலையில் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தபோது அந்த நாய் ஓடிவந்தது. முதலில் பசுவின் முகத்தில் பாய்ந்தது. பசு கத்திய சத்தத்துக்கு எல்லோரும் திரும்புவதற்குள், ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிய ஒரு பெண்ணின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

கவ்வியதை விடவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, நாய் சதையை உதறி உதறி இழுத்தது. தம்பி இறங்கி ஓடிவந்து இடது கையை அதன் வாய்க்குள்ளேயே விட்டுத் தாடையைப் பிளந்து காலை விடுவித்தான். வலது கையில் ஜாக்கி ராடு. முதல் அடியிலேயே முதுகு முறிந்து நாய் சுருண்டுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. செத்த பிறகும் அடித்தான். ஜீப்பில் இருந்த பெண்களே "போதும்ப்பா, போதும்ப்பா" என்று கத்தியிருக்கிறார்கள். ரத்தமும் மூளையும் டயர் வரைக்கும் தெறித்துக் கிடந்ததை நான் பிறகு போய்ப் பார்த்தேன்.

அப்புறம் அவன் செய்த காரியத்தைக் குறை சொல்ல முடியாது. கடிபட்ட பெண்ணை முன் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு, அன்றைய டிரிப்பை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பெண்களோடு நேராக எங்கள் அரசு மருத்துவமனைக்கு வந்தான். நான் அங்கே நர்ஸ். அன்று காலை டூட்டி என்னுடையது.

"யக்கா, வெறிநாயி கடிச்சுப்புருச்சு. சீக்கிரம் ஊசியப் போடு. நின்னு வேடிக்கை பாக்காத!"

வேடிக்கை பார்க்க எனக்கு எங்கே நேரம்? அந்தப் பெண்ணின் காயத்தில் யாரோ மிளகாய்ப்பொடியை அப்பியிருந்தார்கள். "எவ வச்சது இத?" என்று கத்திக்கொண்டே குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். அவள் வலியில் என் தோளைக் கடித்துவிடுவாள் போல் இருந்தது. சோப்புத் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்தது. தலையை நிமிர்த்தியபோதுதான் தம்பியின் இடது கையில் துண்டு சுற்றியிருப்பதைக் கவனித்தேன்.

"அதென்ன கையில?"

"ஒண்ணுமில்ல. பல்லு லேசாக் கிழிச்சுருச்சு."

துண்டைப் பிரித்தேன். நடுவிரல் முட்டியில் தோல் பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"ஒனக்கும் போடணும். உக்காரு இங்கன."

"எனக்கு எதுக்கு? என்னைய அது கடிக்கவே இல்ல. நாந்தான் அத அடிச்சேன்."

கூட வந்த பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "அவுகளக் கடிக்கலம்மா, அவுக கைய விட்டுக் கிழிச்சாக" என்று ஒருத்தி எனக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் நாய்க்கடி என்பது ஒரு தோல்வி. கடி வாங்கினவனைப் பார்த்து "எங்க, ஒரு தடவ கொரைச்சுக் காட்டு" என்று சின்னப்பிள்ளைகூடக் கேலி பேசும். கறி திங்காதே, தலைக்குத் தண்ணி ஊத்தாதே என்று ஆளாளுக்குப் பத்தியம் சொல்வார்கள். அடித்துக் கொன்றவன் கதையே வேறு. அவன் ஜெயித்துவிட்டான், நாய் செத்துவிட்டது, அதோடு அதன் விஷமும் செத்துவிட்டது. ஜெயித்தவன் தோற்றவர்களோடு வரிசையில் நின்று சட்டையைக் கழற்றுவானா? பல்லில் இருந்த எச்சில் அவன் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. வெறிநோய்க்கு வரும் முன்தான் மருந்து. வந்துவிட்டால் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சொல்லிட்டேல்ல, நான் வாரேன்" என்று வாசலைப் பார்க்க நடந்தான்.

எங்கள் டாக்டரம்மா சின்ன வயசு. பதறிப்போய், "சிஸ்டர், பேஷன்ட் வேணாம்னா நாம கட்டாயப்படுத்தக் கூடாது. வேணாம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்குவோம்" என்றார்.

"வாங்கிக்குவோம் டாக்டர். அவன் செத்த பெறகு உக்காந்து படிப்போம்" என்று சொல்லிவிட்டு நான் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

அவன் திரும்பி விட்ட அறையில் என் கண்ணாடி பறந்தது. கீழுதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக்கரித்தது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கன்னத்தில் மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்த முரடுகள். கேஸ் தாள் எழுதுகிற ஜன்னலில் நின்றிருந்த கூட்டமெல்லாம் திரும்பி எங்களைத்தான் பார்த்தது. "ஏ, பிடிங்கடி அவன! இவன் செத்தா நாளைக்கு எவன் ஜீப்புல போவீக?" என்று கத்தினேன். ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற பெண்களின் கைவலு தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் காலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலையை மடியில் இடுக்கிக்கொண்டாள். காலில் கட்டோடு கட்டிலில் கிடந்த அந்தப் பெண்ணே எட்டி அவன் முடியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு ஊசியில் மருந்தை ஏற்றினார். காயத்தை நான் கழுவினேன். விஷத்தை அங்கேயே முறிக்கக் காயத்தைச் சுற்றிப் போடுகிற சீரம் இருக்கிறதே, அது சாதாரண வலி இல்லை. பிளந்த முட்டிக்குள்ளேயே ஊசியை இறக்க வேண்டும். அவன் போட்ட கூச்சலில் பிரசவ வார்டில் இருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். கெட்ட வார்த்தையில் எங்கள் ஆத்தாவைத் திட்டினான். அவள் எனக்கும்தான் ஆத்தா என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் இல்லை. கடைசியாக இரண்டு புஜத்திலும் தடுப்பூசியைப் போட்டு முடித்து அவனை விட்டோம்.

எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னையோட எனக்கு அக்கா கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செய்தது சரியா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். சரிதான். இன்றைக்கும் அதேதான் செய்வேன்.

ஆனால் தடுப்பூசி ஒன்றோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் நாலு வாரம் கழித்து என்று வரவேண்டும். அவன் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், கடிபட்ட பெண்ணை ஒவ்வொரு தவணைக்கும் அவனே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவள் உள்ளே வந்து கையை நீட்டுவாள். அவன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். நான் ஜன்னலில் நின்று பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது என்றாள். டீக்கடையில் "எங்கக்காவுக்கு எம்மேல பழைய காட்டம். அத ஊசியில காட்டிப்புட்டா" என்று சொல்லித் திரிந்ததும் என் காதுக்கு வந்தது. போன் செய்தால் எடுக்கமாட்டான். ஒருநாள் ஜீப்பை மறித்து நின்றேன். ஏற்றிவிடுவான் போல வந்து, நூலிழையில் ஒடித்துக்கொண்டு போனான். ஜீப் கிளப்பிய புழுதி என் வாய்க்குள் போனது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், ஆத்திரம்தான் பாதி.

அந்தச் சமயத்தில் தேனியில் எங்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். ஏசி அறை, சமோசா, திரையில் படம். உலக நாடுகளெல்லாம் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கின்றன, இரண்டாயிரத்து முப்பதுக்குள் நாய்க்கடியால் உலகத்தில் ஒரு மனித உயிர்கூடப் போகக்கூடாது, இலக்கு பூச்சியம் என்றார் அதிகாரி. திரையில் பெரிதாக ஒரு பூச்சியம் வந்து நின்றது. நல்ல முடிவுதான். கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்து யாரோ எங்கள் ஊர் ஜனங்களின் உயிரையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் அடுத்து, "முதல் ஊசி போட்டவங்க அடுத்த ஊசிக்கு ஏன் வரமாட்டேங்கிறாங்க? நீங்க சரியா எடுத்துச் சொல்றதில்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

எழுந்து நின்றேன். "சார், சொல்லி, திட்டி, அடிச்சு, ஒதடு கிழிஞ்சு, ஆள் மேல ஏறி உக்காந்து போட்டுருக்கேன். அவன் வரல. என் கூடப் பொறந்தவன். இதுக்கு மேல எப்படி எடுத்துச் சொல்றதுன்னு அந்த ஒலக நாடுகளக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். சமோசா இறங்கவில்லை. அந்தப் பெரிய பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவன் போய்ச் சேர்ந்தால் அது ஒன்றாகிவிடும் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

"மதினி, ரெண்டு நாளா மாடு தண்ணி காட்டுனா குடிக்க மாட்டேங்குது. வாயில எச்சி நூலா ஊத்துது. தொண்டையில மாங்கொட்டை அடைச்சிருக்கும்னு ஒங்க தம்பி நேத்து கைய உள்ள விட்டுத் தேடிப் பாத்தாக. ஒண்ணும் இல்ல. இப்ப கட்டுத்தறிய முட்டிக்கிட்டே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு மதினி."

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு ஓடினேன்.

தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. பசுவின் குரலே இல்லை அது. அடித்தொண்டையில் இருந்து கரகரவென்று ஒரு கதறல், நிறுத்தாமல். நான் போய்ச் சேர்ந்தபோது அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஜீப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முன்விளக்கு நொறுங்கிக் கிடந்தது. ஒரு கொம்பு வேரோடு பிய்ந்து தொங்க, முகமெல்லாம் ரத்தம். பின்னால் போய், ஓடிவந்து, மறுபடி முட்டியது. ஒவ்வொரு முட்டுக்கும் ஜீப் குலுங்கியது. வாயில் நுரையும் ரத்தமும் கலந்து தரை வரைக்கும் தொங்கியது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலில் நின்றது.

தம்பி ஜீப்பின் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். கையில் அதே ஜாக்கி ராடு. அவன் காலைக் குறிவைத்து அது எகிறியபோதுகூட அவன் அடிக்கவில்லை. கன்றாகப் பிடித்து வந்து பால்புட்டியில் வளர்த்த மாடு. "ஏ தாயி, ஏ தாயி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாட்டு டாக்டர் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "யாரும் கிட்ட போகாதீங்க, இது வெறி. இதை நாய் ஏதும் கடிச்சுச்சா?"

ஜன்னலுக்குள் இருந்து தம்பி பெண்டாட்டி அழுதுகொண்டே, "நாய் பாஞ்ச அன்னைக்கு மூக்குல லேசா ரத்தம் வந்துச்சு. மஞ்சப்பொடி வச்சேன்" என்றாள்.

தம்பி கூரைமேல் இருந்து தன் இடது கையைப் பார்த்தான். நாய் வாய்க்குள் போன அதே கை. மாட்டின் வாய்க்குள்ளும் அதைத்தான் விட்டிருக்கிறான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். ராடு நழுவிக் கீழே விழுந்தது.

மாடு சாக மதியம் ஆகிவிட்டது. பின்னங்கால் விழுந்து, முன்னங்காலால் இழுத்துக்கொண்டே போய் வீட்டுச் சுவரில் முட்டி, அங்கேயே சாய்ந்து, காலை உதைத்து உதைத்து அடங்கியது. பேரூராட்சியில் இருந்து ஜேசிபி வந்து குழி தோண்டியது. கதை கட்டிய ஊர்வாய் அத்தனையும் அன்றைக்கு மூடியிருந்தது.

அவன் இறங்கி வந்தான். நான் அவன் பிடரியைப் பிடித்துக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சோப்பு வாங்கிவரச் சொல்லி, முழங்கை வரைக்கும் தோல் உரிகிற மாதிரி தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே தலையில் குட்டினேன், முதுகில் குத்தினேன். "வீரனாடா நீ? சொல்லுடா, வீரனாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாகப் போய்விட்டது.

"யக்கா, நான் பொழைப்பேனா?"

அப்படி ஒரு குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "வண்டியில ஏறு" என்றேன்.

டாக்டரம்மா பெரிய டாக்டர்களிடம் போனில் கேட்டுவிட்டு, தடுப்பூசியை மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். நாய் கிழித்த அன்றைக்கே சீரம் உள்ளே போயிருப்பது பெரிய தைரியம் என்றார். "அன்னைக்கு நான் சொன்ன மாதிரி கையெழுத்து வாங்கிட்டு விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். தம்பி சட்டையைக் கழற்றி, நாய்க்கடி வரிசையில், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பின்னால் நின்றான். ஒரு தவணையும் தப்பவில்லை. எல்லாத் தவணைக்கும் நான்தான் ஊசி போட்டேன். "மெதுவா" என்றுகூடச் சொல்லமாட்டான்.

ஊசி முடிந்துவிட்டது. பயம் முடியவில்லை. இந்த நோய் மாதக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கிக் கிடந்து வரக்கூடியது. வந்தால் முதலில் தெரிவது தண்ணீரில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆளைப் பார்த்திருக்கிறேன். தாகம் தாகம் என்று கெஞ்சினான். டம்ளரை வாயருகில் கொண்டுபோனதும் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, தொண்டை இறுகி, கட்டிலோடு கட்டிய கயிறு அறுகிற மாதிரி துள்ளினான். ஃபேன் காற்றுப் பட்டாலே உடம்பு வில்லாக வளைந்தது. மறுநாளைக்கு அவன் இல்லை. இதைத் தம்பியிடம் நான் சொன்னதே கிடையாது. யாரோ சொல்லியிருக்க வேண்டும், இல்லை, மாட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டானோ என்னவோ.

ஒருநாள் சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டு என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினான். இறங்கி வந்து, "தண்ணி குடு" என்றான். சொம்பில் மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து, என் கண்ணெதிரில், மடமடவென்று குடித்தான். சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். அவன் வீட்டில் பானை இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள். இருந்தாலும் என்னிடம் வந்துதான் குடித்தான். நான் அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் வரக் கொஞ்சம் நேரமானாலும் எனக்குக் கைவேலை ஓடாது. எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது.

போன வாரமும் அப்படித்தான் வந்தான். அண்ணாந்தான். பாதிச் சொம்பில் தண்ணீர் நின்றது. தொண்டை ஒரு வெட்டு வெட்டியது. மூக்கு வழியாகத் தண்ணீர் பீச்சி அடித்தது. கண் பிதுங்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஜீப்பில் மிச்சமிருந்த பெண்கள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்கள். உலகமே அந்த வாசலில் நின்றுபோனது.

அவன் லொக்கு லொக்கு என்று இருமி, மூச்சை இழுத்து, "பொரை... பொரையேறிருச்சு" என்றான்.

புரையேறினால் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம். நானும் தட்டினேன். ஒரு தட்டு போதும். என் கை நிற்கவில்லை. தலையில் அடித்தேன், முதுகில் அடித்தேன், தோளில் அடித்தேன். "பாவி, பாவி, பாவி" என்று தெருவே பார்க்க ஓவென்று அழுதுகொண்டு அடித்தேன். அவன் குனிந்த வாக்கிலேயே நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டான். நான் ஓய்ந்த பிறகு நிமிர்ந்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

"போதுமா?" என்றான்.

"போதாது" என்றேன். உள்ளே போய் இன்னொரு சொம்பு கொண்டுவந்தேன். அதையும் குடித்தான்.